கஞ்சமலைக்கு ஒரு புள்ளி

கடையில் வாங்கும் புவியியல் சார்ட்டுகளும் மேப்புகளும் சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்குத் தங்கள் நிலத்தைப் பற்றி என்ன சொல்கின்றன?

எழுதுபொருள் கடையில் தமிழ்நாட்டுக் கனிம வளச் சார்ட் ஒன்றை வாங்கி விரித்தால், சேலத்தின் மேல் புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். இரும்புத்தாது உள்ள கஞ்சமலைக்கு ஒன்று, ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டுக்கு ஒன்று, பாக்சைட்டுக்கு ஒன்று, உருக்காலைக்கு ஒன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு, தேர்வில் வெற்று வரைபடத்தின் சரியான இடத்தில் புள்ளி வைத்து மதிப்பெண் வாங்கிவிடுகிறது. அதே பிள்ளை, உருக்காலைக்கு வேண்டிய தாது கஞ்சமலையிலிருந்து போகிறது என்று நினைத்துக்கொண்டால் அதைக் குறை சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளைப் பார்க்கும் யாருக்கும் அந்த நினைப்புதான் வரும். நடந்த கதை வேறு. கஞ்சமலைத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் கொண்டு இங்கேயே இரும்பு உருக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் சேலத்துக்கு உருக்காலை கேட்கப்பட்டது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் 1981-ல் உற்பத்தி தொடங்கியபோது அங்கே எழுந்திருந்தது, வெளியிலிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலை. 1995-ல் சூடான நிலையில் உருட்டும் பிரிவு வந்தது, 2010-ல் உருக்குக் கூடமும் வந்தது. அதற்குப் பிறகும் கஞ்சமலைத் தாது அந்த ஆலையின் மூலப்பொருள் ஆகவில்லை. தாதுவில் இரும்பின் விகிதம் குறைவு. செறிவூட்டாமல் உலைக்கு ஆகாது.

இதற்கு நேர்மாறான கதையும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை நம்பி 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தது. அலுமினியம் பிரிக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும். தாது பக்கத்து மலையில், மின்சாரம் பக்கத்து அணையில். ஆலை நடுவில் உட்கார்ந்தது. அதாவது, ஒரு புள்ளி தாதுவைத் தேடி வந்த ஆலை, இன்னொரு புள்ளி தாதுவை நம்பிக் கேட்கப்பட்டு, தாது இல்லாமலே நடக்கும் ஆலை. தொழிலகங்கள் ஏன் அந்தந்த இடத்தில் அமைகின்றன என்ற பாடத்தின் முழுச் சாரமும் இந்த இரண்டு ஆலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. சார்ட்டில் இரண்டும் ஒரே அளவுப் புள்ளிகள். இன்னும் பின்னால் போனால், 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இந்தச் சேலத்து இரும்புத்தாதுவை நம்பித்தான் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், உலை வைத்தார். அன்றைய எரிபொருள் மரக்கரி. அந்த உலை பிற்பாடு தடுமாறியதற்குக் கரிக்கு வேண்டிய காடு கட்டுப்படியாகாமல் போனதும் ஒரு காரணம். தாது மட்டும் இருந்தால் போதாது என்பதை இந்த மண் இருநூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும் வாய்ப்பு இங்கே படிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

ரெடிமேட் துணைக்கருவிகளே கூடாது என்று வாதிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. என் வாதம் வேறு. புவியியலுக்கு ஆயத்தக் கருவிகள் கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் வார்த்த கருவி இந்தப் பாடத்தின் உயிரையே எடுத்துவிடுகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் தயாரித்த கருவியே இதற்குப் பொருந்தும். அதைத் தயாரித்துக் கையில் கொடுப்பது அரசின் வேலை. தனி ஆசிரியரின் ஆர்வத்துக்கும் கடைக்காரரின் வியாபாரத்துக்கும் அதை விட்டுவிட முடியாது.

இன்று வகுப்பறைக்கு வருவது என்ன என்று பார்க்கலாம். சுவரில் மாட்டும் இந்திய, உலக மேப்புகள். கட்டுக் கட்டாக விற்கும் அவுட்லைன் மேப்புகள். எரிமலை, சூரியக் குடும்பம், நீர்ச் சுழற்சி ஆகியவற்றின் வண்ணச் சார்ட்டுகள். தெர்மாகோலில் செய்து விற்கும் கோள்கள். 2018-19-ல் தொடங்கி வந்த புதிய பாடநூல்களின் ஓரத்தில் க்யூஆர் குறியீடு. அதை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா தளத்தின் காணொளி. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் மணற்கேணி செயலி. இவற்றில் பல நல்ல தரத்தில் இருக்கின்றன. பாறைச் சுழற்சியையோ கடல் நீரோட்டத்தையோ அசையும் படமாகக் காட்டும்போது, கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவதைவிட நூறு மடங்கு தெளிவு கிடைக்கிறது. அதை மறுப்பது நியாயமில்லை. கடைச் சரக்கு பெருகியதற்கும் ஒரு நல்ல நோக்கமே காரணமாக அமைந்துவிட்டது. 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். பிள்ளை தானாகத் தேடி, பார்த்து, செய்து கற்க வேண்டும் என்பதற்காக வந்த மதிப்பெண் அது. தேடிப் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி எதுவும் அதோடு கூட வரவில்லை. எனவே ‘புராஜெக்ட்’ என்றால் கடையில் படத்தாள் வாங்கி, வெட்டி, ஒட்டி, கலர் பேனாவில் தலைப்பு எழுதுவது என்றாகிவிட்டது. பெற்றோரையும் ஆசிரியரையும் இதற்காகக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. கையில் கிடைத்ததைத்தானே பயன்படுத்த முடியும்?

கணக்குக்கு ஒரு சார்ட் சேலத்திலும் தஞ்சாவூரிலும் ஒன்றாக இருக்கலாம். வேதியியலில் தனிம அட்டவணை எங்கும் ஒன்றே. புவியியலுக்கு அந்த வசதி இல்லை. பொதுவிதி ஓரிடத்தில் எப்படி வளைகிறது, ஏன் வளைகிறது என்பதே அந்தப் பாடம். மழையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவுப் பகுதி, நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று என்பது மாநிலம் முழுவதும் பிள்ளைகள் ஒப்பிக்கும் வாக்கியம். கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். சேலம் மாவட்டத்திலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைக்கு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் மேற்கே கருத்துக்கொண்டு வந்து இடி மின்னலோடு கொட்டும் மழையை நம்பித்தான் இங்கே மேட்டுக்காட்டில் சோளமும் நிலக்கடலையும் விதைக்கிறார்கள். தன் வீட்டுக் காட்டில் ஆடியிலும் ஆவணியிலும் விதைப்பு நடப்பதைப் பார்க்கும் பிள்ளை, வகுப்பில் ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் படித்தால், புத்தகம் வேறு உலகம், காடு வேறு உலகம் என்று பிரித்துவைத்துக்கொள்ளும். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். ஏற்காட்டில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. நாமக்கல் சமவெளியில் அதில் பாதி அளவுதான். மலை மழையைத் தடுத்து வாங்குவதற்கு அஸ்ஸாமையும் சிரபுஞ்சியையும் உதாரணம் காட்டும் சார்ட்டு, வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே தெரியும் சேர்வராயனைக் காட்டுவதில்லை.

இதைவிடச் செறிவான பாடம் இந்தச் சமவெளியின் நீரில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே ஓடி, சாயக்கழிவையும் சாக்கடையையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கி, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. அதே மலையில் பிறக்கும் சரபங்கா, ஓமலூர் வழியாக மேற்கே சுற்றிக்கொண்டு காவிரிக்குப் போகிறது. ஆனால் சேலத்துக்கும் ஆத்தூருக்கும் இடையே எங்கோ ஒரு மேடு இருக்கிறது. அதைத் தாண்டி விழும் மழைத்துளிக்குக் காவிரியோடு உறவே இல்லை. அது வசிஷ்ட நதியில் விழுந்து, சுவேத நதியோடு கூடி, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஒரே மாவட்டம், இரண்டு ஆற்றுப்படுகைகள். அடுத்து, மேட்டூர். 1934-ல் கட்டி முடித்த அணை, 93.47 டிஎம்சி கொள்ளளவு, 120 அடி முழு நீர்மட்டம் என்ற எண்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அவ்வளவு நீருக்குப் பக்கத்திலேயே ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பக்கத்து ஏரிகள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்து கிடந்தன என்ற கேள்விக்கு அந்த எண்களில் பதில் இல்லை. பதில் சமஉயரக் கோடுகளில் இருக்கிறது. நிலம் ஆற்றைவிட மேட்டில் இருக்கிறது. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 45,000 ஏக்கருக்குத்தான் பாய்கின்றன. மீதி நீர் மேட்டைப் பார்த்துவிட்டு டெல்டாவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்து 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்குத் திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் கட்ட வேண்டியிருந்தது. மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். ஏன் ஏற்ற வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிலவரைபடத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கும் நாள் வந்தால், அன்று அது நிலவரைபடத் திறனைக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் அந்தத் தலைப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சமஉயரக் கோடு என்றால் என்ன என்பதற்கு வரையறையும் உண்டு. அந்த வரையறையைப் பொருத்திப் பார்க்கத் தன் ஊரின் வரைபடம் மட்டும் கையில் இல்லை.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரப் பிள்ளைகளுக்கு அது புயல் பாடம். அடுத்த இரண்டு நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாறு பொங்கிச் சேலத்தின் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தது. பேரிடர் பாடத்துக்கு விற்கும் சார்ட்டில் புயல் என்றால் கடற்கரைத் தென்னை வளைந்து நிற்கும் படம்தான் இருக்கும். கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் ஊருக்குப் புயல் எப்படி வந்து சேர்கிறது, மலை அதை எப்படி நிறுத்தி மழையாக வாங்குகிறது, ஆற்றின் கரையில் எந்தத் தெரு முதலில் நனையும் என்பதெல்லாம் இங்கே உள்ள பிள்ளைக்கு உயிர்காக்கும் அறிவு.

அச்சடித்த சரக்குக்கு இன்னொரு கேடு உண்டு: சீக்கிரம் பழசாகிவிடும். 2019 ஜூனில் பத்தாம் வகுப்புப் புதிய புத்தகம் கைக்கு வந்தபோது மாநிலத்தில் 32 மாவட்டங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஐந்தும் பிரிந்துவிட்டன. 2020-ல் மயிலாடுதுறையோடு 38 ஆனது. அதே 2019-ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாயிற்று. சுவரில் மாட்டிய மேப்பைப் பள்ளி ஆண்டுதோறும் மாற்றாது. பழைய மேப்பே தொங்கும். நாமக்கல் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. 1997-ல்தான் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று, 1965-ல் தருமபுரி பிரிந்ததைப் போலவே. நிர்வாக எல்லை மாறும், மலையும் ஆற்றுப்படுகையும் மாறா. கடைச் சார்ட்டு மாறுவதை மட்டுமே பெரிதாக வரைந்து, மாறாததை மங்கலாகப் பின்னால் தள்ளிவிடுகிறது.

உடனே வரும் மறுப்பு ஆசிரியர் தரப்பிலிருந்து. அது வலுவான மறுப்பு. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் என்பவர் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நடத்த வேண்டியவர். அவர்களில் பலர் வரலாறு படித்து வந்தவர்கள். பாடவேளையோ குறைவு, பதிவேடுகளோ ஏராளம், அதற்கு மேல் எமிஸ் இணையதளப் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு. அவர் உள்ளூர் ஆறுகளை ஆராய்ந்து துணைக்கருவி செய்யட்டும் என்று மேடையில் பேசுவது எளிது. நியாயமாகப் பார்த்தால் அப்படிக் கேட்பது கொடுமை. பயிற்சிக் கூட்டங்களில் தலைமுறையாகச் சொல்லிவரும் ‘உள்ளூர்ச் சூழலைப் பயன்படுத்துங்கள்’ என்ற அறிவுரை பலனளிக்காமல் போனதற்கு இதுவே காரணம். அறிவுரை கொடுத்தார்கள், பொருள் கொடுக்கவில்லை. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. ஆசிரியர் நேரம் அரிது என்பதால்தான் மாவட்டக் கருவி ஆயத்தமாக வந்து சேர வேண்டும். சேலத்துக்கு உத்தமசோழபுரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நாமக்கல்லுக்கும் தனியே ஒன்று இருக்கிறது. வட்டார வள மையங்கள் உண்டு, ஆசிரியர்கள் கூடும் குறுவள மையங்கள் உண்டு. அமைப்பு இருக்கிறது. அது சென்னையிலிருந்து வருவதைக் கீழே கடத்தும் குழாயாக மட்டும் இருப்பதுதான் குறை. தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவமும் உண்டு. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து கற்று, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுவதும் பரவியது. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஆயத்தக் கற்றல் அட்டைகளைக் கொண்டுசேர்க்கும் ஆற்றல் இந்த அரசுக்கு உண்டு என்பதை அது காட்டியது. அட்டைகள் மட்டும் ராமேசுவரத்துக்கும் ராசிபுரத்துக்கும் ஒன்றாக இருந்தன.

அப்படி ஒரு கருவித் தொகுப்பில் என்ன இருக்கும்? முதலில் நில அளவைத் துறையின் நிலவரைபடம். இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவில், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டராக, நாடு முழுவதற்கும் வரைந்து வைத்திருக்கிறது. பழைய எண்முறையில் சேலம் நகரம் 58 ஐ/2, ராசிபுரம் 58 ஐ/3, நாமக்கல் 58 ஐ/4. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று தாள்கள். சங்ககிரியும் திருச்செங்கோடும் மேற்கே பக்கத்து 58 இ தாளுக்குள் போய்விடும். ஒரு காலத்தில் பொதுமக்கள் கையில் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த வரைபடங்கள் இவை. 2005-ன் தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கென ஒரு வரிசையைத் திறந்துவிட்டது. 2021-ல் கட்டுப்பாடுகள் மேலும் தளர்ந்தன. பணம் கொடுத்து வாங்கும் எந்தச் சார்ட்டையும்விட நுணுக்கமான வரைபடம், கரடு, ஏரி, ஓடை, கிணறு, வண்டிப்பாதை வரை குறித்தது, நாட்டின் சொத்தாக இருக்கிறது. பள்ளியைச் சுற்றிய பத்துக் கிலோமீட்டரைப் பெரிதாக்கி அச்சடித்து, வகுப்புக்குப் பத்துத் தாள் கொடுத்தால் போதும். பிரிட்டனில் 2000-களில் பல ஆண்டுகள், 11 வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் பள்ளி இருக்கும் பகுதியின் 1:25,000 வரைபடத்தை அவர்களின் நில அளவைத் துறையே இலவசமாகக் கொடுத்தது. பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். விலையில்லா மடிக்கணினியும் மிதிவண்டியும் கொடுத்த மாநிலத்துக்கு ஒரு தாள் பெரிய செலவில்லை.

அடுத்து மழைக்கணக்கு. சேலம் நாளிதழ்களில் மழை பெய்த மறுநாள் ஒரு சிறு பட்டியல் வரும்: ஏற்காடு, ஓமலூர், டேனிஷ்பேட்டை, சங்ககிரி, எடப்பாடி, மேட்டூர், ஆணைமடுவு, கரியகோவில், தம்மம்பட்டி, வீரகனூர் என்று இடவாரியாக மில்லிமீட்டர் கணக்கு. மாவட்ட நிர்வாகம் நாள்தோறும் தொகுப்பது அது. முப்பது ஆண்டுக்கு மாதவாரியாக ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால், பருவக்காற்றுப் பாடத்தைப் பிள்ளைகளே சரிபார்த்துவிடுவார்கள். பிறகு ஒரு சிறு பெட்டியில் கற்கள்: மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல், கஞ்சமலையின் காந்தம் ஒட்டும் இரும்புக்கல், ஏற்காட்டின் சிவந்த பாக்சைட், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல், நாமக்கல் கோட்டைப் பாறையின் இனத்துக் கருங்கல். பாறை வகைகளுக்குக் கடையில் விற்கும் வண்ணப்படத்தை இந்தக் கைப்பிடிக் கற்களோடு ஒப்பிடவே முடியாது. காந்தத்தைக் கொண்டுபோய்க் கல்லில் ஒட்டிப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

செலவே இல்லாததும் உண்டு. இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரம்; சேலம் ஏறக்குறைய 78 டிகிரி 10 நிமிடத்தில் இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்ற பாடநூல் கணக்குப்படி இங்கே நண்பகல் கடிகாரத்தைவிடச் சுமார் 17 நிமிடம் பின்தங்கி வரும். கொடிக்கம்பத்தின் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று குறித்துப் பார்த்தால் பிள்ளை தன் ஊரின் தீர்க்கக்கோட்டை ஏறக்குறையத் தானே கண்டுபிடித்துவிடும். சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் நிற்பது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும். பன்னிரண்டு இருபது வாக்கில் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். எந்த நாள், எந்த நேரம் என்று ஊருக்கு ஏற்பச் சொல்லும் ஒரு அட்டை மட்டும் ஆசிரியருக்கு வேண்டும். இந்த ஊரின் அளவைக்கும் ஒரு பெருமை உண்டு. 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவீட்டின் முதுகெலும்பு, குமரியிலிருந்து இமயம் நோக்கி 78-ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டியே போனது. தாரமங்கலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே போகும் கோடு அது. உலகத்தின் வடிவத்தைக் கணிக்க உதவிய அளவீடு தன் ஊர்க் கரடுகளின் வழியே போயிருக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பிள்ளைக்கும் தீர்க்கக்கோடு வெறும் கற்பனைக் கோடாக இருக்காது.

இன்னொரு மறுப்பு, தமிழ்நாட்டின் வரலாற்றிலிருந்து எழுவது. பல பாடத்திட்டங்கள் பல தரங்களாகப் பிள்ளைகளைப் பிரித்துவைத்த நிலையை மாற்றத்தானே சமச்சீர்க் கல்வி வந்தது? உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-ல் நிலைநாட்டிய உரிமை அல்லவா அது? மாவட்டத்துக்கு ஒரு பாடம் என்றால் மறுபடியும் ஏற்றத்தாழ்வுதானே? இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சமம் என்பது பாடத்தின் கருத்திலும் தேர்வின் தரத்திலும் இருக்க வேண்டியது. எல்லாப் பிள்ளைகளும் சமஉயரக் கோட்டைப் படிக்க வேண்டும், ஆற்றுப்படுகையைப் பிரித்தறிய வேண்டும், தொழிலக அமைவிடத்தை விளக்க வேண்டும். அதற்குச் சான்று நாகையில் உப்பளமாக இருக்கட்டும், திருப்பூரில் பின்னலாடையாக இருக்கட்டும், இங்கே குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியாக இருக்கட்டும். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, மரவள்ளி விளைந்த சேலம் சமவெளியில் சேகோ ஆலைகள் முளைத்தன. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. மண், மழை, உலகப் போர், சந்தை நான்கும் ஒரு கிழங்கில் கூடுகின்றன. வறண்ட திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், நெடுஞ்சாலையோர நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் ஊரானதன் பின்னால் உள்ள நிலத்தின் கட்டாயங்களைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து எழுதலாம். கருத்து ஒன்று, சான்று பல. இன்று எல்லாருக்கும் பொதுவென்று போகும் சார்ட்டுதான் உண்மையில் சமமற்றது: யாருடைய நிலத்தையும் முழுமையாகக் காட்டாமல் எல்லாரையும் மனப்பாடத்துக்குத் தள்ளுகிறது.

கிணற்றுத் தவளைகளாகிவிடுவார்கள், உலகம் தெரியாமல் போகும் என்பாரும் உண்டு. மேக்னசைட் எதற்கு என்று கேட்டாலே இதற்கு விடை கிடைத்துவிடும். உலகமெங்கும் எஃகு உலைகளின் உட்சுவர் தாங்கும் செங்கற்களுக்கு அது வேண்டும். எந்தெந்த நாடுகளில் அது வெட்டப்படுகிறது, எங்கே போகிறது என்று தொடர்ந்தால், ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்ற ரயில் நிலையப் பெயரிலிருந்து கிளம்பிய பிள்ளை உலக வரைபடம் முழுவதும் சுற்றிவரும். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போவது என்பது, ஒப்பிட ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு போவது.

கடைசித் தடை தேர்வு. உறைவிடப் பள்ளிகளும் தரவரிசை விளம்பரங்களும் நாமக்கல் பெயரை மாநிலமெங்கும் கொண்டுபோன காலத்தில், பதினோராம் வகுப்புப் பாடத்தையே தாண்டிக் குதிக்கும் பழக்கம் பரவியது. அதைத் தடுக்க 2017-ல் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டு, 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. தேர்வில் வராதது வகுப்பில் வராது என்பதற்கு இந்தச் சமவெளியைவிட வேறு சான்று வேண்டுமா? எனவே வினாத்தாளும் மாற வேண்டும். அது பொதுவாகவே இருக்கலாம். இந்தியாவில் எங்கோ ஓரிடத்தின் நிலவரைபடத் துண்டைக் கொடுத்து, ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது, அணை கட்ட எந்த இடம் ஏற்றது, எந்த ஊருக்குக் கால்வாய் எட்டாது என்று கேட்கட்டும். தன் ஊர் வரைபடத்தில் பழகிய பிள்ளைக்கு எந்த ஊர் வரைபடமும் புரியும். புள்ளி வைக்கும் வினாவுக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியை இதற்குக் கொடுத்தாலும், கடைச் சார்ட்டுக்கு மேல் ஒரு கருவி வேண்டும் என்று எல்லாப் பள்ளிகளும் கேட்கத் தொடங்கிவிடும்.

இதில் புதுமை ஏதுமில்லை. மதராஸ் மாகாணத்தில் தொடக்க வகுப்புகளுக்கு ‘ஜில்லா பூகோளம்’ என்று சிறு நூல்கள் தனித்தனி மாவட்டங்களுக்கு இருந்தன. சேலத்துக்கு 1883-ல் லெ ஃபானு எழுதிய மாவட்டக் கையேடும் 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியரும் அடித்தளமாக நிற்கின்றன. அந்தப் பழைய பூகோளங்கள் பட்டியல்களாகத் தேங்கிப்போயின. அவற்றை அப்படியே மீட்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980-களில் தொடங்கிய சமூக அறிவியல் முயற்சி இன்னும் நெருக்கமான முன்னோடி. உள்ளூர் கிராமங்களையும் வரைபடங்களையும் வைத்துப் பாடநூலே எழுதி, அரசுப் பள்ளிகளில் நடத்தினார்கள். 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது. பாடநூலுக்கு மாற்றாக நிற்கும் எதையும் ஒரு அரசாணையில் அகற்றிவிடலாம். மாவட்டத் தொகுப்பு பாடநூலுக்குத் துணையாக, அதன் அத்தியாய எண்களோடு பிணைந்து வந்தால், அதை அகற்ற யாருக்கும் காரணம் இருக்காது.

பிழை வந்துவிடாதா என்பதற்கும் வழி உண்டு. நாட்டின் எல்லைகளைத் தவறாக வரைவது 1961-ன் சட்டப்படியே குற்றம். எனவே அடிப்படை வரைபடம் நில அளவைத் துறையுடையதாக மட்டும் இருக்கட்டும். கற்களைச் சரிபார்க்கச் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறைகள் இருக்கின்றன. மழைக்கணக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது, நீர்க்கணக்கு மேட்டூரில் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. இவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, இரண்டு மாவட்டங்களின் பயிற்சி நிறுவனங்களும் சேர்ந்து முதல் தொகுப்பை ஒன்பதாம் வகுப்பின் நிலவரைபடத் திறன்கள் பாடத்துக்கு மட்டும் தயாரிக்கட்டும். ஒரு கோடை விடுமுறை போதும். சேலம், நாமக்கல் இரண்டுக்கும் சேர்த்தே தயாரிக்க வேண்டும். திருமணிமுத்தாறு மாவட்ட எல்லையில் நிற்பதில்லை.